மூன்றாவது சிலிண்டரில் வேர்க்கடலை

ஞானசிங்கின் கார் இருமிய இருமலில், பாகாலாவுக்கு வெளியே சாலையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த எருமைகளெல்லாம் எழுந்து நின்று வழிவிட்டன. அவருக்கு அது வேடிக்கையாக இல்லை. சித்தூரில் வீடு, திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. விடியலில் கிளம்பி, இருட்டியபின் திரும்பி, முதுகெலும்பு சீட்டின் வடிவத்துக்கே வளைந்துபோயிருந்தது. பஸ்ஸை நம்பினால் சந்திரகிரியிலேயே ஒன்பதாகிவிடும். ஒன்பதுக்கு ஆய்வகத்தைத் திறந்தாக வேண்டும்.

"இன்னொரு தரம் லேட்டானா உங்களை சூளூர்பேட்டை கிளைக்கு மாத்திடுவேன்" என்று முதல்வர் ஹேமநாத் சொல்லிவிட்டார். மாற்றினால் அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டும். மனைவி கிருபாபாய் சித்தூரில் பள்ளி ஆசிரியை. அவள் வர முடியாது. தலை நரைத்த பிறகு தனித்தனி அடுப்பு.

காரோ, மெக்கானிக் சம்பத்தின் பட்டறையில் நிற்கும்போது மாமியார் வீட்டுக்கு வந்த புதுமருமகள்போல் சத்தமே காட்டாது. சாலையில் இறங்கினால் விக்கும், குலுங்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிருபாபாயையும் ஏற்றிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனார்.

"புது பிளக் போட்டாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு. இன்னும் என்னா கேக்குது சார் உங்க வண்டி?" என்றபடி சம்பத் ஸ்கேனரைச் சொருகினான். "மூணாவது சிலிண்டர்தான் மிஸ்ஸிங், ஒழுங்கா எரியல."

மூன்றாவதற்குப் பொறி தரும் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றி மாட்டினான். "கோளாறு காயில்ல இருந்தா இப்ப ரெண்டாவதுக்குப் போவணும்."

தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். மறுபடியும் மூன்றாவதுதான். "அப்ப காயில் இல்ல. ஒயர்தான்" என்று சொல்லி, என்ஜின்மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினான். ஒரு கழனிக்கே விதைக்கலாம் போல வேர்க்கடலை கொட்டியது.

"சார், உங்க என்ஜின் கடலை துன்னுதா?" சம்பத் ஒயரை இழுத்துக் காட்டினான். "எலி குடித்தனம் நடத்திகினு இருக்குது. கடிச்சது போக ஒரு இழைதான் தொத்திகினு நிக்குது. வண்டி நின்னா ஒட்டிக்குது, குலுங்கினா வுட்டுப்போவுது."

"வேர்க்கடலை எங்கருந்து வந்துச்சு?" என்றாள் கிருபாபாய்.

ஞானசிங் வானத்தைப் பார்த்தார். அவள் டிக்கியைத் திறந்தாள். உள்ளே அடி ஓட்டையான ஒரு மூட்டை.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகையன்று சபையார் படைத்த விளைச்சலை ஆராதனைக்குப் பின் ஏலம் விடுவார்கள். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்ற குரலுக்குப் பிறகு யாரும் வாய் திறக்காவிட்டால் ஞானசிங்குக்கு மூச்சு முட்டும். கை தானாக எழும்பும். இப்படி வந்த பூசணிக்காய்களுக்கு வீட்டில் கட்டிலடியிலும் இடமில்லை. இனி ஒன்று வந்தாலும் அதனோடு அவரும் வெளியேதான் என்று கிருபாபாய் சொல்லியிருந்தாள். அவள் கோபம் ஆறட்டும் என்று மூட்டை டிக்கியில் காத்திருந்தது. கோபம் ஆறவில்லை, எலிக்குப் பொறுமையில்லை.

"யாருமே கேக்கல, கிருபா. ஆண்டவருக்குப் படைச்சது அப்படியே நின்னுகினு இருந்துச்சு..."

"அதனால எலிக்குப் படைச்சீங்களா?"

"திட்டாதீங்கம்மா," என்றான் சம்பத். "எங்க தெருவுல எலியே காணோமேன்னு பாத்தேன். எல்லாம் சார் வீட்டு விருந்துக்குத்தான் போயிருக்குது."

சிரிக்கக்கூட ஞானசிங்குக்குத் தெம்பில்லை. சம்பத் ஒயரை வெட்டிப் புதிதாக ஒட்டிச் சுற்றினான். மூட்டை பட்டறையிலேயே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை கார் வழுக்கிக்கொண்டு போனது. கல்லூரிக்குள் நுழைந்தபோது பெருக்குகிறவர்கள்கூட வரவில்லை. வண்டியை அணைத்தார். இத்தனை நாளும் அந்தக் குலுக்கல்தான் அவரை விழிக்க வைத்திருந்தது. கொஞ்சம் கண்ணை மூடுவோம் என்று சாய்ந்தார்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஹேமநாத்.

"எப்ப வந்தீங்க?"

"ஏழரைக்கெல்லாம் வந்துட்டேன், சார்."

"ஒம்பதரை ஆவுது. லேப் பூட்டிக்கினு இருக்குது."

ஞானசிங் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். "சூளூர்பேட்டையா, சார்?"

முதல்வர் அவர் கன்னத்தில் பதிந்திருந்த சீட் பெல்ட்டின் தடத்தைப் பார்த்தார்.

"இந்தத் தூக்கத்தோட உங்கள அனுப்பினா சூளூர்பேட்டை தாண்டி நெல்லூர்லதான்யா எழுப்புவாங்க. சாவியைக் குடுங்க, நான் தெறக்கிறேன். மூஞ்சி கழுவிகினு வாங்க."