சொல்லிக்கொள்ளாத தங்கை

மாத்தளையில் மிளகும் கராம்பும் விற்கிற கடை எங்களுடையது. யார் மிளகு கொண்டுவந்தாலும் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் விலை பேச மாட்டேன். பப்பாசி விதை கலந்திருந்தால் மிதந்துவிடும். சாமியே கொண்டுவந்து கொடுத்தாலும் இவள் தண்ணீரில் போடுவாள் என்பார் என் கணவர். அந்தப் புத்திதான் அந்த நாட்களில் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

என் தங்கை துருக்கியில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். சமையலும், அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் எனக்கு அழைப்பாள். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, "போயிட்டு வர்றேன்க்கா" என்று சொல்லித்தான் வைப்பாள். போனில் பேசிவிட்டு எங்கேயடி போய் வருகிறாய் என்று கேலி செய்வேன். அது அம்மா பழக்கியது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அதைச் சொல்ல மறந்தால், திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள்.

அங்கே பூமி குலுங்கியது. கடை டீவியில் பார்த்தேன். மாடி வீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. தங்கை இருந்த ஊரின் பெயரையும் சொன்னார்கள். அழைத்தால் போகவில்லை. மறுநாள் ஒரு மெசேஜ் வந்தது. "நான் நல்லாருக்கேன். கூடாரத்துல இருக்கோம். பயப்படாத."

வீட்டில் எல்லோரும் அம்மன் கோயிலுக்கு ஓடித் தேங்காய் உடைத்தார்கள். நான் போகவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவள் ஏன் எழுதுகிறாள்? நான் அழைத்தால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப பேச ஏலாது" என்று எழுத்தில் வரும். எந்த மெசேஜிலும் "போயிட்டு வர்றேன்" இல்லை. அவளுடைய போன் வேறு யார் கையிலோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அவளை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரரிடம் போனேன். டீ வரவழைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அதான் மெசேஜ் வருதேக்கா, பொறகு என்ன?"

மெசேஜ் வருவது இவருக்கு எப்படித் தெரியும்? டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நான் போனதற்கு முந்தின நாளே என் கணவர் அங்கே போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார் என்பது வீட்டில்தான் தெரிந்தது. உடனே அவர்மேலும் சந்தேகம் வந்தது. எனக்குத் தெரியாமல் ஏன் போனார்? இவர்கள் சேர்ந்து எதை மறைக்கிறார்கள்?

கடைசியில் தண்ணீரில் போட்டே பார்த்துவிடுவது என்று எழுதினேன். "தேர்க் கூட்டத்துல நீ தொலைச்சது எந்தக் காதுத் தோடு?"

"என்னக்கா, இந்த நேரத்துல" என்று பதில் வந்தது. விடை தெரியாதவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். உடனே எழுதினேன். "நீ என் தங்கச்சி இல்ல. அவ செத்துட்டான்னா சொல்லிடு. உடம்பையாவது குடுங்க."

அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"வலது காதுக்கா" என்றது அவள் குரல்.

நான் ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை. மெதுவாகப் பேசினாள், பின்னால் காற்று இரைந்தது.

"புள்ளைங்க ரெண்டும் போயிட்டாங்கக்கா. மேடம் என் கையப் புடிச்சிக்கிட்டேதான் இருக்காங்க. அவங்க பக்கத்துல இருந்துக்கிட்டு நான் என் சொந்தக்காரங்களோட எப்படிப் பேசுவேன்? இப்ப பனியில வெளிய வந்து நிக்கிறேன்."

அப்போதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அதுக்காக, முடிக்கிறப்ப போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்த போடக்கூடாதா? அது இல்லாமத்தானே நான் பயந்து செத்தேன்?"

"சாவு வீட்டுல யாராச்சும் அப்படிச் சொல்வாங்களாக்கா? இங்க ஊரே சாவு வீடு."

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வர வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியதும் அம்மாதான். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தாள். நானும் சொல்லாமல் வைத்தேன்.