படுத்த கோழிகள்

பண்ணைக்காரம்மா திங்கட்கிழமை காலையிலேயே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். ஒரே ராத்திரியில் பதினெட்டு முட்டைக்கோழிகள், கொண்டை நீலம் பாரித்துச் செத்துக் கிடந்தன. செவ்வாயன்று பறவைக்காய்ச்சல் என்று முடிவு வந்தது. இருக்கிற கோழிகளையெல்லாம் கொல்ல ஆட்கள் வருவார்கள், கொன்றதற்கு நஷ்டஈடு உண்டு, தானாகச் செத்ததற்குக் கிடையாது என்றார்கள். வெள்ளிக்கிழமை வரை ஒரு ஆளும் எட்டிப் பார்க்கவில்லை.

முந்தின வருடம் வெயில் அறுநூறு கோழிகளைக் கொண்டுபோனது. இந்த வருடம் காலம் தப்பிப் பெய்த மழையில் கொட்டகைக்குப் பின்னால் இருந்த நிலம் குளமாகி, எங்கிருந்தோ வந்த காட்டு வாத்துகள் நோயோடு அதில் இறங்கின. இனி குறைந்தது தொள்ளாயிரம் கோழிகள் நஷ்டஈட்டுக் கணக்கில் ஏறினால்தான் புதுக் குஞ்சு வாங்க முடியும். இல்லையென்றால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

நாலு நாளும் கையுறையும் முகமூடியுமாக, சோர்ந்த கோழிகளின் அலகில் வைட்டமின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியே நடத்தற போ," என்றார் கணவர். "கொல்ல வர்றவங்களுக்காக!"

"அவங்க கையால செத்தாதாங்க காசு. நம்ம கையில செத்தா மண்ணு."

வெள்ளி மதியம் டாக்டரின் ஆட்கள் நின்றவற்றைப் பிடித்துக் கொன்றார்கள். படுத்திருந்தவற்றைத் தாண்டிப் போனார்கள். டாக்டர் எண்ணூற்று அறுபத்தொன்று என்று எழுதினார்.

"சார், படுத்ததெல்லாம் செத்ததில்ல. தொட்டுப் பாருங்க."

"கழுத்து தொங்கினா செத்ததுலதான்மா சேர்ப்போம்."

"எனக்குந்தான் நாலு நாளா கழுத்து தொங்குது. என்னையும் சேர்த்துடுவீங்களா?"

கணவர் முகமூடிக்குள் சிரித்துவிட்டார். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. விதியைச் சொன்னார், மேலிடத்தைச் சொன்னார், வண்டி இல்லாமல் நாலு நாள் தாமதமான கதையைச் சொன்னார். கடைசியில் அலுத்துப்போய், "சரி, ஒவ்வொண்ணா கொண்டாங்க," என்றார்.

பதினொன்று கண் திறந்து காட்டி, கணக்கில் ஏறின. பன்னிரண்டாவது, அவள் கையிலிருந்து அவர் கைக்குப் போவதற்குள் துவண்டது.

"இது போயிடுச்சும்மா."

"நாலு நாள் உங்களுக்காக உயிரைப் பிடிச்சிட்டிருந்துச்சு சார். நீங்க விதி பேசி முடிக்கறதுக்குள்ள போயிடுச்சு."

டாக்டர் பேனாவைத் தாளில் வைத்தார். எழுதவில்லை. இன்னும் நாற்பது கோழிகளாவது படுத்திருந்தன. அவள் குனிந்து, நெஞ்சு ஏறி இறங்குகிற ஒன்றைத் தேடத் தொடங்கினாள்.