விட்டுப்போன ஒரு அப்டேட்

பென் டிரைவைச் செருகுமுன் நபீலா கம்ப்யூட்டரின் பின்பக்கம் கைவிட்டு, நெட் கேபிள் தொங்குகிறதா என்று தடவிப் பார்ப்பாள். பட்டறைக்காரர்கள் இல்லை என்று சொன்னாலும் தடவுவாள். "பொய் சொல்றாங்கன்னு இல்ல. அவங்களுக்கே தெரியாம சொருகி இருக்கும்."

வயது முப்பத்து நான்கு. மாநில எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் வீடு. இணையத்தோடு சேர்க்க முடியாத பழைய கம்ப்யூட்டர்களுக்கு, பட்டறை பட்டறையாகப் போய் அப்டேட் போடுவது தொழில். பென் டிரைவுகள் ஒரு வளையல் டப்பாவில் இருக்கும். ஆட்களிடம் கன்னடம், தெலுங்கு எல்லாம் பேசுவாள்; மெஷினைத் திட்டுவது தமிழில் மட்டும்.

போன மாதம் மூக்கண்டப்பள்ளியில், திம்மப்பனின் பட்டறையில் அவளைப் பார்த்தேன். உதிரிபாகங்களை அளந்து சோதிக்கும் மெஷினுக்கு அங்கே பதினான்கு வருடக் கம்ப்யூட்டர்தான் துணை. புதியதில் அந்த மெஷினின் புரோகிராம் ஓடாது. வைரஸ் புகுந்து இரண்டு நாள் வேலை நின்றிருந்தது. அப்டேட் போடாவிட்டால் வெள்ளிக்கிழமையிலிருந்து சரக்கு எடுக்க மாட்டோம் என்று வாங்கும் கம்பெனி சொல்லிவிட்டது. அன்று வியாழன்.

முதலில் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் நகலெடுத்தாள். பிறகு அப்டேட். முப்பத்தைந்து சதவீதம் வரை ஏறி நின்றது. பிறகு பழைய நிலைக்கே திரும்பியது. மூன்று முறையும் அப்படியே.

"விடும்மா, இதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு," என்றார் திம்மப்பன். அவரை நம்பி ஒன்பது பேர்.

"ஆயுசு இருக்குதுண்ணா. நடுவுல ஏதோ ஒண்ணு விட்டுப்போயிருக்குது."

ஏற்கெனவே போட்டவற்றின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தாள். முன்பு வந்த யாரோ ஒரு சின்ன அப்டேட்டைத் தாண்டிப் போயிருந்தார்கள். அது இல்லாமல் பெரியது ஏறாது. அது அவளிடமும் இல்லை. ஸ்கூட்டரை எடுத்தாள். வீட்டுக்குப் போய் அதை நெட்டிலிருந்து பென் டிரைவில் இறக்கிக்கொண்டு, லாரி நெரிசலில் புகுந்து ஒன்றரை மணி நேரத்தில் திரும்பினாள்.

சின்னது ஏறியது. பெரியது முப்பத்தைந்தைத் தொட்டபோது திம்மப்பன் பார்க்கமாட்டாமல் வாசலுக்குப் போய்விட்டார். முப்பத்தாறு. நாற்பது. நூறு.

"ஒரு பீஸ் வெச்சு அளந்து பாருங்கண்ணா," என்று அவரை உள்ளே கூப்பிட்டாள்.

அளவு சரியாக வந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நபீலா கிளம்பவில்லை. ஒரு கறுப்பு மார்க்கரைக் கேட்டு வாங்கினாள். தரையில் மண்டியிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் அப்டேட் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏற்றவேண்டிய வரிசையில் எழுதத் தொடங்கினாள்.