எட்டாவது சிலைடர்

போரின் கடைசிச் சண்டையில் தம்பிக்கு இரண்டு கண்ணும் போனபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது வட்டக்கச்சியில் என்னோடு இருக்கிறான். கோயில் திருவிழாக்களுக்கும் பள்ளிக்கூட விழாக்களுக்கும் கொம்பியூட்டரில் பாட்டுச் செய்து கொடுக்கிறான்.

மற்றவர்கள் திரையைப் பார்த்து மவுசால் செய்வதை அவன் மிடி கொன்ட்ரோலரில் செய்வான். சின்னக் கீபோர்ட் மாதிரி ஒரு பெட்டி அது. மேலே திருகுகிற குமிழ்கள் எட்டு, ஏற்றி இறக்குகிற சிலைடர்கள் எட்டு. எது எதை மாற்றவேண்டும் என்று மென்பொருளுக்கு முதலே சொல்லிவைக்க வேண்டும். அதற்குப் பெயர் மப்பிங். அதைச் செய்து கொடுத்தவர் என் கணவர். வயலால் வந்து குளித்துவிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அவன் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வைத்தார். சிறுநீரக வருத்தத்தில் அவர் போய்ப் பத்து மாதம்.

மாரி மழை தொடங்கிய கிழமை கொம்பியூட்டர் நின்றுபோனது. டவுனில் திருத்தக் கொடுத்தேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். பாட்டுகள் வேறு டிஸ்க்கில் இருந்ததால் தப்பின. வீட்டில் கொண்டுவந்து கொன்ட்ரோலரோடு பூட்டினால், கீபோர்ட் கட்டைகளில் சத்தம் வந்தது, குமிழ்கள் வேலை செய்யவில்லை.

வயரை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். போனில் தேடி வாசித்து, செற்றிங்ஸில் கொன்ட்ரோலரின் பெயருக்கு நேரே சரி அடையாளம் இல்லாததைக் கண்டுபிடித்தேன். அதைப் போட்டதும் குமிழ்கள் வேலை செய்தன, ஆனால் தவறாக. மேளத்தைக் குறைக்கத் திருகினால் புல்லாங்குழல் கூடியது.

தம்பி பெட்டியின் மேல் கையை வைத்தபடி கேட்டான்.

"அத்தான் வைச்சதெல்லாம் அழிஞ்சு போச்சோ?"

"ஓம்."



நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். வேலை முடிந்து வந்து மூன்று பின்னேரம் அவனோடு இருந்தேன். திரையில் ஒன்றை நான் மவுசால் தொட, அவன் அதற்குரிய குமிழைத் திருகுவான். அது அங்கே ஒட்டிக்கொள்ளும். எல்லாம் அவனுடைய விரலில் ஞாபகமாக இருந்தன. எட்டாவது சிலைடரில்தான் நின்றான். அது தனக்குத் தெரியாது, நான் பாடினதைத் திரும்பப் போட்டுக் கேட்கும்போது அத்தான்தான் அதைத் தொடுவார் என்றான்.

அவனுடைய பாட்டுகளில் நான்தான் பாடுவேன். அவருடைய கை அதில் இருந்ததை நானும் கண்டிருக்கிறேன். சும்மா வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வருத்தம் கடுமையான நாட்களிலும் வந்து இருப்பார். "சும்மா இருக்கிறதுக்குப் போய்ப் படுங்கோவன்" என்று ஒருநாள் ஏசினேன். அவர் சிரித்துவிட்டு அப்படியே இருந்தார்.

சிலைடரை அசைத்தது பாட்டோடு பதிவாகியிருக்கும் என்று தம்பி சொன்னான். நான் கடைசியாகப் பாடின பாட்டைத் திறந்தேன். திரையில் என் குரலுக்குக் கீழே, அந்தச் சிலைடர் ஏறி இறங்கினதைக் காட்டுகிற ஒரு கோடு ஓடியது. வரி முடிகிற இடங்களில், எனக்கு மூச்சுப் போதாமல் குரல் இறங்குகிற இடங்களில், அது மெல்ல ஏறியிருந்தது. மற்ற இடங்களில் நேராக இருந்தது.

அந்தக் கோட்டின் வேலையை நிறுத்திவிட்டு ஒருமுறை கேட்டோம். என் குரல் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விழுந்தது.

"நீங்கள் குரல் விழாமல் பாடுறனீங்கள் எண்டுதான் நானும் நினைச்சன், அக்கா" என்றான் தம்பி. "எனக்கும் அவர் சொல்லேல்லை."

நான் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுகை அடங்க நேரமெடுத்தது.

அடுத்த கிழமை பரிசளிப்பு விழாவுக்கு ஒரு பாட்டுக் கொடுக்க இருந்தது. என்னால் பாட ஏலாது, வேறு யாரையாவது கூப்பிடு என்று சொன்னேன். அவன் ஒருவரையும் கூப்பிடவில்லை. குரல் இல்லாமல் இசையை மட்டும் முடித்துக் கொடுத்தான்.