கோயில் மண்டபத்தில் பாய் விரித்திருந்த நாட்கள்

அண்மையில் பெய்த பெருமழைக்குப் பிறகு அப்புத்தளையில் நடந்தது இது. தேயிலைத் தோட்டத்தையும், அதன் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தையும் ஒட்டிய எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டுத்தான் எங்கள் பிழைப்பு. அந்த மழையில் எதிர்மலையில் மண் சரிந்தது. அதை டீவியில் பார்த்துவிட்டு, அறை சொல்லிவைத்திருந்தவர்கள் ஒருவர் விடாமல் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பூட்டிக் கிடந்த அறைகளில் போர்வைகள் ஈரவாடை அடித்தன. இப்படியே போனால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஓர் அம்மா போன் எடுத்தார். வாரக் கடைசியில் பிள்ளைகளோடு வர ஆசை, பயமில்லையே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“பயமாத்தாங்க இருக்கு. எங்க லயத்துச் சனமே வீட்டுல படுக்காம, பாயைச் சுருட்டிக்கிட்டு கோயில் மண்டபத்துலதான் படுக்குது. அதுங்க வீடு திரும்பட்டும், நானே சொல்றேன். அப்ப வாங்க.”

எனக்கு வந்ததே கோபம். “வந்த ஒரே ஆளையும் வெரட்டிட்டியே, மகராசி. இனி அந்த ரூமுல நாமதான் டூரிஸ்டா படுக்கணும்” என்றேன்.

“படுங்க. காலையில டீ கொண்டாறேன், பில்லோட” என்றாள்.

அந்த வாரக் கடைசியில் பெரிய மழையும் இல்லை, ஒன்றும் ஆகவும் இல்லை. வெறும் தூறல். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு வெயில் வந்தது. சரிவைப் பார்க்க வந்த அதிகாரிகள் லயத்துக்குப் போகலாம் என்றார்கள். பாய்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. மனைவி கொழும்புக்குப் போன் எடுத்தாள். அந்த அம்மா வேறெங்கும் போகவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் ஒரு பயமும் இல்லை, வாங்க என்றார்களாம். “வராதீங்கன்னு சொன்னது நீங்க மட்டுந்தான். அதான் உங்க வாயால வாங்கன்னு கேட்கக் காத்திருந்தேன்” என்றாராம். தங்கை குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு அறைகளும் நிறைந்தன.

அவர் சொல்லி இப்போது பலர் போனில் பேசுகிறார்கள். ஆபத்து உண்டா என்று யாரும் கேட்பதில்லை. “உங்க ஆளுங்க இன்னைக்கு எங்க படுக்கிறாங்க?” என்றுதான் கேட்கிறார்கள். மண் சரிந்த ஊர் என்று பெயரெடுத்த எங்கள் ஊருக்கு, சொன்னால் நம்பலாம் என்ற பெயரையும் என் வீட்டுக்காரி வாங்கித் தந்தாள் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம்தான்.