பெரம்பூர் பக்கம்

புருவம் திருத்துகிறவளுக்கு நூலின் ஒரு முனை வாயில் இருக்கும். அதனால் வாடிக்கையாளர் கேட்கிற கேள்விக்குப் பதில் யோசிக்க அரை நிமிடம் கிடைக்கும். ஆப்பில் புக் செய்தால் வீட்டுக்கே வந்து அழகு செய்துவிடும் வேலை எனக்கு. முதுகில் பையோடு அடுத்தவர் வீட்டு காலிங் பெல்லை அழுத்திப் பிழைக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும், அந்த அரை நிமிடம் எவ்வளவு பெரிய வரம் என்று.

ஷாலினியின் உபதேசம்

வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு வாரம் பயிற்சி. 'இன்னா', 'கீது' என்கிற எங்கள் வடசென்னைப் பேச்சு வாயில் வரவே கூடாது என்றார்கள். வாடிக்கையாளர் தருகிற நட்சத்திரம் குறைந்தால் ஐடியை முடக்கிவிடுவார்கள், வீட்டில் உட்கார வேண்டியதுதான். நான் பிறந்து வளர்ந்ததோ வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, பேரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். யாராவது ஊர் கேட்டால் என்ன சொல்வது? எனக்கு முன்பே சேர்ந்திருந்த ஷாலினியைக் கேட்டேன்.

"பெரம்பூர் பக்கம்னு சொல்லு. நான் எண்ணூர்லேர்ந்து வந்துகினு கீறேன், எல்லார்கிட்டயும் ராயபுரம்னுதான் சொல்றேன். இன்னும் ஒருத்தி கூட வூட்டாண்ட வந்து பாக்கல."

ஒன்பதாவது மாடி

ஓர் அடுக்குமாடியில் சாமான் ஏற்றுகிற லிஃப்ட் பழுது. குடியிருப்பவர்கள் லிஃப்டில் வேலைக்கு வருகிறவர்கள் ஏறக்கூடாதாம். மடக்குக் கட்டிலையும் வேக்ஸ் ஹீட்டரையும் தூக்கிக்கொண்டு ஒன்பது மாடி படியேறு என்றார் வாட்ச்மேன். நான் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "மேடம், லிஃப்ட்ல விட்டா மேல வர்றேன். இல்லாட்டி நீங்க கீழ வாங்க, வாட்ச்மேன் ரூம்லயே வேக்ஸிங் பண்ணிடலாம்" என்று போனில் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் அனுமதி வந்தது.

கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேனும் கூட ஏறினார். மேலே போகும்வரை லிஃப்டின் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். கதவு திறந்ததும் சொன்னார்:

"ஆறு வருசமா இதுக்கு பட்டன் அமுக்கிவுட்டுகினு கீறேம்மா. உள்ள பாட்டு பாடும்னு இன்னிக்குத்தான் தெரியும்."

வாய் தவறியது

கீழ்ப்பாக்கத்தில் ஒரு பெரிய வீட்டு மருமகள். குழந்தையோடு ஆங்கிலம், சமையல்காரம்மாவோடு புத்தகத் தமிழ். வேக்ஸ் துணியை இழுத்ததும் துள்ளினார். "இன்னாம்மா, ரொம்ப எரியுதா?" என்று கேட்டுவிட்டேன். போச்சு, நட்சத்திரம் போச்சு என்று கையைப் பிசைந்தேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். எங்கள் வியாசர்பாடிக்குப் பக்கத்துப் புளியந்தோப்பில் பிறந்தவராம். படிப்பு, நல்ல வேலை, காதல் கல்யாணம். அந்தப் பேச்சு மட்டும் இந்த வீட்டில் வேண்டாம் என்று மாமியார் முதல் நாளே சொல்லிவிட்டாராம். ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தார். எனக்குக் கோபமான கோபம். சொந்தப் பேச்சைப் பேசக் கதவையா சாத்த வேண்டும்? கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"போறதுக்குள்ள இன்னொரு தபா 'இன்னாம்மா'ன்னு கூப்புடேன்."

ஒரு புருவம் பாக்கி

அண்ணாநகரில் ஒரு மேடம், மூன்று வருடமாக மாதம் தவறாமல் என்னைத்தான் கூப்பிடுவார். போன மாதம் என் நட்சத்திரம் விளிம்பில் நின்றது. இன்னும் ஒருவர் குறைத்தாலும் ஐடி முடங்கும் நிலை. அன்றைக்குப் பார்த்து, கண்ணை மூடியபடி அவர் சொன்னார்: "வியாசர்பாடி ஆளுங்களை நான் கேட்டுக்குள்ளயே விடமாட்டேன். நீ பெரம்பூர், பரவாயில்லை."

நூல் வாயில் இருந்தது. அரை நிமிடமும் இருந்தது. 'சும்மா இருடி' என்று மனசு சொல்லத்தான் செய்தது. எங்கள் பிளாக்கில் இந்நேரம் தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் என் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். நூலை எடுத்தேன்.

"நானும் வியாசர்பாடிதான் மேடம். இன்னும் ஒரு புருவம் பாக்கி கீது. முடிக்கட்டுமா, கெளம்பட்டுமா?"

கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சாய்ந்துகொண்டார். முடித்துவிட்டு வந்தேன். மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார். ஐடி ஒரு வாரம் முடங்கியது. எட்டாம் நாள் அவரே போன் செய்தார்.

"ஸ்டார் குறைச்சது நீ பொய் சொன்னதுக்கு, வேலைக்கு இல்ல. வெள்ளிக்கிழமை வந்துடு."

போகத்தான் போகிறேன், ஆனால் பொய் சொல்ல வைத்தவர்களுக்கு எத்தனை நட்சத்திரம் குறைக்கலாம் என்று அந்த ஆப் என்னை ஒருநாளும் கேட்டதில்லை.