நாய் வளர்க்காத ஜெமீலாவின் நாய்க் கட்டுரைகள்

காத்தான்குடியில் இருந்துகொண்டு, வெள்ளைக்காரரின் நாய்களுக்கு உடம்பு இளைப்பது எப்படி என்று எழுதிச் சம்பாதித்த முதல் ஆள் ஜெமீலாதான். அவளுக்கு முன் யாரும் அதைச் செய்திருக்கச் சந்தர்ப்பமில்லை.

பஹ்ரெய்னில் ஓர் ஆங்கிலேயத் தம்பதியின் வீட்டில் பல வருடம் வேலை பார்த்தவள். அந்த வீட்டில் ஒரு நாய் இருந்தது. நாயைத் தொடமாட்டேன், மார்க்கத்தில் ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். எசமானி கோபிக்கவில்லை. முழங்கை வரை நீளும் றப்பர் கையுறை ஒரு சோடியும், நீண்ட பிடி போட்ட அகப்பை ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள். அகப்பைத் தூரத்தில் நின்றே ஜெமீலா அந்த நாய்க்குச் சாப்பாடு போட்டாள், மருந்து கொடுத்தாள், பிறந்தநாளுக்குக் கேக்கும் வைத்தாள். வாசிக்க அந்த வீட்டில் கிடைத்ததெல்லாம் நாய் வளர்ப்போருக்கான சஞ்சிகைகள்தாம். அவளுடைய ஆங்கிலம் அங்கேதான் வளர்ந்தது.

உம்மாவுக்கு முழங்காலில் ஒப்பரேசன் என்று ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. இரண்டாயிரத்து ஆறு முடிகிற காலம் அது. இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி மூண்டிருந்தது. ஆங்கில ரியூசன் தொடங்கிப் பார்த்தாள்; ஹர்த்தால் நாட்கள் போக மிச்சமிருந்த நாட்களிலும் பிள்ளைகள் வரவில்லை. ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைக்கும் போலிருந்தது. அவளை நேர்முகம் பார்க்க வேண்டியவரே பெட்டி கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் சந்தியில், போன் பேசவும் நெட் பார்க்கவும் கொமியுனிகேசன் கடை வைத்திருந்த ஹமீட் சொன்னான்.

"தாத்தா, இப்ப நெட்டுல எழுதிக் குடுத்தாச் சல்லி தாறானுகளாம். ஒங்கட இங்கிலீசுக்கு நல்லா இருக்கும். வந்து தேடிப் பாருங்களன்."

ஊரில் அக்காவைத் தாத்தா என்பார்கள். ஜெமீலா போய்த் தேடினாள். முதலில் கிடைத்த இடம், வேலை தருவதற்கு முன்பு சேர்வுக் கட்டணம் கேட்டது. "நம்மளுக்கு வேல தாறவன் நம்மக்கிட்டயே கேக்கிறானா? அவன் நம்மளவிடக் கஸ்டத்தில இருக்கான் போல," என்று ஹமீட் அந்தப் பக்கத்தை மூடினான். அடுத்த இடம் மாதிரிக்கு ஒரு கட்டுரை கேட்டது: உறைபனியில் கார் சிக்கினால் என்ன செய்வது. ஜெமீலா பனியை எசமானியின் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருந்தாள். இருந்தும் எழுதி அனுப்பினாள். பதிலே இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், கட்டுரை அப்படியே அவர்களுடைய தளத்தில் கிடந்தது. எழுதியவர் பெயர் மட்டும் ஜெனிஃபர் என்றிருந்தது.

மனம் வெறுத்து எழும்பப் போனவளுக்கு பஹ்ரெய்ன் சஞ்சிகைகளில் ஒன்றின் பெயர் நினைவு வந்தது. அதைத் தட்டினாள். பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி: எங்களுக்காக எழுதுங்கள். அதை அமத்தினால் பிரையன் என்ற ஆசிரியரின் முகவரி வந்தது. அன்றைக்கே ஒரு கட்டுரை எழுதிப் போட்டாள். மறுநாள் பதில்: மிக நன்று, இன்னும் அனுப்புங்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள். ஆசியா உம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னத்தப் பத்தி எழுதிறாய் மகள்?"

"நாயப் பத்தி உம்மா."

உம்மாவின் கை நின்றது. "நாயப் பத்தியா? அல்லாஹ்வே! எழுதின கையக் கழுவினயா?"

"கொம்பியூட்டர்லதானே உம்மா தட்டினன்."

"அப்ப அந்தக் கொம்பியூட்டரையும் கழுவச் சொல்லு."

கொழுத்த நாயை இளைக்க வைப்பது, நாய்க்கு மனச்சோர்வு வந்தால் கண்டுபிடிப்பது, நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுவது என்று ஜெமீலா எழுதிக்கொண்டே போனாள். வாவியின் அந்தக் கரையில், வெல்லாவெளியிலும் கரடியனாற்றிலும் இருந்து சனங்கள் பாய் தலையணையோடு இந்தப் பக்கம் வந்து பாடசாலைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஷெல் போகிற நேரம் ஹமீட் கடையின் கண்ணாடிக் கதவு நடுங்கும். கதவு நின்றதும் ஜெமீலா விட்ட இடத்திலிருந்து தட்டுவாள்: பிறந்தநாள் கேக்கில் சொக்கலேட் சேர்க்கக் கூடாது, நாய்க்கு ஒத்துக்கொள்ளாது.

எழுதியதற்குக் கூலி தரும் நேரம் வந்ததும் பிரையன் வருத்தத்தோடு அறிவித்தான்: நாங்கள் பணம் அனுப்பும் நாடுகளில் இலங்கை இல்லை. வழி தேடுகிறேன், அதுவரைக்கும் என் அன்பளிப்பாக ஒரு சின்னப் பார்சல் வருகிறது, உங்கள் நாய்க்குப் பிடிக்கும்.

பார்சல் வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை, ஊர்ப் பக்கத்து உப தபாலகத்துக்கு. அங்கே இருந்தவர் வினாயகமூர்த்தி என்கிற தபாற்காரர். மென்மையான மனிதர், ஆனால் முத்திரை குத்துவதென்றால் அரிவாள் ஓங்குவதுபோல் ஓங்கித்தான் குத்துவார். குத்தினார். பார்சலுக்குள்ளிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. காதில் ஏதோ என்று நினைத்து இன்னொரு முறை குத்தினார். 'பீப், பீப்.' அந்த நேரம் பார்த்து இராணுவ முகாமிலிருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். பார்சல் நிறுத்தாமல் கத்தியது.

அது நாய் குரைப்பதை நிறுத்தும் கழுத்துப்பட்டி. பெரிய சத்தம் எது கேட்டாலும் நாய்தான் குரைக்கிறது என்று எண்ணி, அதை எச்சரிக்க ஒலி எழுப்பும். வினாயகமூர்த்திக்கு அது தெரியாது. ஒரு காலில் மட்டும் செருப்போடு வீதிக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் இராணுவத்தினர் வீதியை மறித்துக் கயிறு கட்டினார்கள். தபாலகத்தில் குண்டு என்ற செய்தி ஜெமீலாவின் தெருவுக்கு வரும்போது முழுமையடைந்திருந்தது: ஜெமீலாவின் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து குண்டு வந்திருக்கிறது. ஜெமீலா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே கயிற்றடிக்குப் போனாள்.

"ஐயா, அது எனக்கு வந்த சாமான்," என்றாள்.

வினாயகமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ தங்கச்சி, கிட்டப் போகாதயுங்கோ! உங்கட பேரச் சொல்லிக் கத்துது!"

குண்டு அகற்றும் ஆட்கள் வந்து, பார்சலைப் பின்வளவுக்குக் கொண்டுபோய், மண்மூட்டைக்கு நடுவில் வைத்து வெடிக்க வைத்தார்கள். புகை அடங்கியதும் கொஞ்சம் தோல்வாரும், எலும்பு வடிவில் ஒரு பிளாஸ்ரிக் துண்டும் கிடைத்தன. அந்தத் துண்டு ஒருமுறை 'பீப்' என்றது. எல்லோரும் திரும்பப் படுத்தார்கள்.

ஜெமீலாவை முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். வாசலுக்கு வெளியே உம்மாவும் பக்கத்து வீட்டு ஸஹீதாவும் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு கெப்டன். ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"காத்தான்குடியில் யாருக்கு நாயின் கழுத்துப்பட்டி?"

"எனக்கு."

"உங்களிடம் நாய் இருக்கிறதா?"

"இல்லை."

"உறவினரிடம்?"

"இல்லை."

"அப்போது?"

"நான் நாய்களைப் பற்றி எழுதுகிறவள்."

கெப்டன் பேனையை மேசையில் வைத்துவிட்டு அவளையே பார்த்தார். ஆள் அனுப்பி ஹமீடின் கடையிலிருந்து அவள் கட்டுரைகளை எல்லாம் அச்செடுத்து வரச் செய்தார். பென்சிலும் கையுமாக ஒவ்வொன்றாய் வாசித்தார். சில இடங்களில் கோடு போட்டார். ஜெமீலா கதிரையில் அப்படியே இருந்து தெரிந்த குர்ஆன் சூறாவையெல்லாம் ஓதி முடித்தாள். எந்தச் சொல்லில் என்ன குற்றம் கண்டாரோ என்று ஒவ்வொரு கோட்டுக்கும் எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் தலை நிமிர்ந்தார்.

"கொழுத்த நாய்க்குச் சோற்றைக் குறைக்கச் சொல்கிறீர்கள். பதிலாக என்ன கொடுப்பது? அதை எழுதவில்லையே?"

மேசைக்குக் கீழே ஏதோ பெருமூச்சு விட்டது. ஜெமீலா குனிந்து பார்த்தாள். நெல்மூட்டை போல ஒரு நாய்.

"இது டொமி," என்றார் கெப்டன். "முந்திப் பெயர் டைகர். மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்த அன்றைக்கு அவசரமாக மாற்றினோம். சென்றிக்குச் சென்றி, காவலில் நிற்கிற பொடியன்கள் சோறு போடுகிறார்கள். இப்போது நடக்கவே மாட்டேனென்கிறான்."

பூசணிக்காய் அவித்துப் போடுங்கள், காலையில் நடத்திக் கூட்டிப் போங்கள், சென்றியில் யாரும் எதுவும் போடக் கூடாது என்று ஜெமீலா கதிரையின் நுனியில் இருந்தபடியே சொன்னாள். கெப்டன் எழுதிக்கொண்டார். பிறகு வாசல் வரை வந்து அனுப்பி வைத்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நல்லது. டொமிக்குப் பூசணிக்காய் பிடிக்கவில்லை. இரண்டொரு நாளில் முகாமை விட்டு வெளியேறி, மீன் மணத்தைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக வந்து, கடைசியில் ஜெமீலாவின் வீட்டு வாசற்படலையில் படுத்தது. ஆசியா உம்மா மீன் கழுவுகிற இடம் அதற்கு நேரே இருந்தது. நாயைக் கூட்டிப்போகச் சங்கிலியோடு ஒரு சிப்பாய் வந்தான். டொமி எழும்பவில்லை. அடுத்தது ஜீப் வந்தது. அதன் பிறகு நாளாந்தம் வந்தது.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டு வாசலில் ஜீப் நிற்பது சின்ன விசயமல்ல. ஸஹீதா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"ஜெமீலா, ஒன்ட வாசல்ல நேத்தும் ஜீப் நிண்டிச்சாம். சனம் ஒரு மாதிரிக் கதைக்குதுகா."

"நாயத் தேடித்தானே வாறானுகள்."

"எனக்குத் தெரியும். வேற ஆரு இத நம்புவாங்க? வேற ஏதும் பொய் இருந்தாச் சொல்லுகா, நான் சனத்துக்குச் சொல்றன்."

ஒரு நாள், முன்பின் தெரியாத ஒருவன் மோட்டார்சைக்கிளில் ஹமீட் கடைக்கு வந்தான். எங்கிருந்து வருகிறான் என்று அவனும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் ஹமீடுக்கும் இல்லை. உங்கள் கடையில் ஒரு பெண் வெளிநாட்டுக்கு அறிக்கை அனுப்புகிறாளாமே, அதைக் காட்டு என்றான். ஹமீட் நாய்க்குப் பிறந்தநாள் கட்டுரையைத் திறந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். வந்தவன் கேக்கு வரை பொறுமையாகக் கேட்டான்.

"இதுக்குக் காசு குடுக்கிறாங்களா?"

"ஓம், தாறன் எண்டுதான் சொல்றானுகள்."

அவன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எங்க போய்க் கேக்கிற இந்த வேலய?"

ஹமீட் வந்து இதைச் சொன்னபோது ஜெமீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அதை நம்பாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றுதான் மனம் ஓடியது. உம்மாவையும் அழைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க முகாமுக்கு நடந்தாள். நாய் எங்கே வேண்டுமானாலும் படுக்கட்டும், ஜீப் மட்டும் வேண்டாம் என்று கெப்டனிடம் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்கு அது தோன்றவில்லை," என்றார். அன்றோடு ஜீப் நின்றது. டொமி விரும்பியபோது வந்தது, விரும்பியபோது போனது.

புது வருடம் பிறந்து சில வாரங்களில் சண்டை உச்சத்துக்குப் போனது. ஒரு முற்பகல், இடைவிடாமல் மல்டி பெரல் ரொக்கெட் அடிக்கிறார்கள். ஓடு குலுங்குகிறது. படலையில் கிடந்த டொமி உள்ளே பாய்ந்து, குசினிக் கோடியில் தண்ணீர் பீப்பாய்க்கும் சுவருக்கும் இடையில் தன்னைச் செருகிக்கொண்டது. உம்மா விரட்ட வந்தார். அதன் உடம்பு உதறுவதைப் பார்த்துவிட்டு விரட்டவில்லை. கட்டிலில் போய் இருந்து சத்தமாக ஓதத் தொடங்கினார். ஜெமீலா தூண் ஓரம் குந்தியிருந்து நாயைப் பார்த்தாள். இருட்டு மூலை அதற்குப் பிடித்திருந்தது. கூப்பிட்டால் கூடப் பயந்தது. பேசாமல் பக்கத்தில் இருந்தால் அடங்கியது. உம்மாவின் ஓதல் ஒரே சீராகப் போகப் போக அதன் மூச்சும் சீரானது. தன் மூச்சும் அப்படித்தான் இறங்குகிறது என்று ஜெமீலா கவனித்தாள்.

அடுத்த நாள் அதையெல்லாம் எழுதினாள்: ஷெல் அடிக்கும்போது நாயை அமைதிப்படுத்துவது எப்படி. பிரையன் பணிவோடு பதில் போட்டான். கட்டுரை அருமை, ஆனால் எங்கள் வாசகர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஷெல்லுக்குப் பதில் வாணவெடி என்று போடலாமா?

ஜெமீலா ஷெல் என்று வந்த இடத்திலெல்லாம் வாணவெடி என்று மாற்றினாள். வேறு ஒரு சொல்லையும் தொடவேண்டி வரவில்லை.

அந்தத் தளத்தில் அந்த வருடம் அதிகம் பேர் வாசித்தது அதைத்தான். எத்தனையோ நாட்டுக்காரர் நன்றி எழுதினார்கள். பிரையன் பூரித்துப்போய்க் கேட்டிருந்தான்: இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் ஊரில் பண்டிகைகள் அதிகமோ?

ஜெமீலா அந்தக் கேள்வியின் முன்னால் கனநேரம் இருந்தாள். ஹமீட் வந்து, "என்ன தாத்தா, லைன் போயிற்றா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தட்டினாள்: ஆம், இந்த வருடம் கொஞ்சம் அதிகம்.

அதற்குப் பிறகு பிரையனே வழி கண்டுபிடித்தான். கட்டாரில் வேலை பார்த்த ஜெமீலாவின் தம்பி சாலிஹ் மூலம் கூலி ஒழுங்காக வரத் தொடங்கியது. ஊரில் அது தெரிந்ததும் ஹமீட் கடையில் இருக்க இடமில்லை. ஸஹீதா ஒரு தாய்மார் தளத்தைப் பிடித்து, குழந்தைக்கு எண்ணெய் வைப்பதைப் பற்றி எழுதினாள். மோட்டார்சைக்கிள்காரன் மட்டும் திரும்ப வரவேயில்லை. அவனுக்கு என்ன ஆனதோ என்று ஜெமீலா சிலவேளை கேட்பாள். ஹமீட் எழும்பிப் போய் அடுத்த கொம்பியூட்டரைத் துடைப்பான்.

அந்த வருட நடுவில் கெப்டன் வடக்குக்கு மாற்றலாகிப் போனார். நாய் படலையிலேயே தங்கிவிட்டது.

பிரையன் கடைசியாக ஒன்று கேட்டான்: எழுத்தாளர் பக்கத்துக்கு உங்களின் படம் ஒன்று, நாயோடு. ஹமீட் கமராவோடு வந்தான். ஜெமீலா முற்றத்தில் கதிரை போட்டு இருந்தாள். டொமி படலைக்கு அப்பால் படுத்திருந்தது. இரண்டையும் ஒரு படத்துக்குள் அடக்க ஹமீட் பின்னால் பின்னால் போய், அடுத்த வளவுக் கிணற்றடி வரைக்கும் போனான். அவன் அமத்தின நேரம், என்ன சத்தம் என்று பார்க்கக் குசினியிலிருந்து வந்த ஆசியா உம்மா அகப்பையும் கையுமாக நடுவில் அகப்பட்டுக்கொண்டார்.

படம் வெளியானபோது கீழே இப்படி இருந்தது: கட்டுரையாளர் ஜெமீலா, அவரது செல்லப் பிராணி, மற்றும் பயிற்சியாளர்.

ஜெமீலா தயங்கித் தயங்கி உம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். உம்மா படத்தை நெருங்கிப் பார்த்து, முந்தானை சரியாக இருக்கிறதா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டார்.

"பயிற்சியாளருக்குச் சல்லி வேறயாத் தருவானா?" என்றார். "கேட்டு எழுது மகள்."